சாக்ஸும் ஒரு திரிதான்: வேலைக்கும் காட்டுநடைக்கும் காலுறை தேர்வது எப்படி?

மாலையில் பூட்ஸைக் கழற்றி சாக்ஸை உரித்தால், உள்ளங்கால் வெளுத்துச் சுருங்கி, இரவெல்லாம் ஊறிய கொண்டைக்கடலையின் தோல்போல இருக்கிறது. விரலிடுக்கில் நமைச்சல். சாக்ஸைப் பிழிந்தால் சொட்டாவிட்டாலும் கை நனைகிறது. வாங்கியபோது அட்டையில் ‘வியர்வையை வெளியேற்றும்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஏமாற்றிவிட்டார்களா? பெரும்பாலும் இல்லை. சாக்ஸ் தன் வேலையைச் செய்திருக்கும். அது கொண்டுபோன வியர்வைக்குப் போக்கிடம்தான் இருந்திருக்காது.

சிங்கப்பூரில் சாக்ஸ் வாங்குவதற்கும் குளிர்நாட்டில் வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. இணையத்தில் கிடைக்கும் பரிந்துரைகளில் பெரும்பகுதி குளிர்நாட்டு மலையேறிகளுக்காக எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு முப்பது வெள்ளி கொடுத்துத் தடித்த கம்பளி சாக்ஸ் வாங்கிப் புக்கிட் தீமா குன்றின் படிகளில் வெந்துபோகிறவர்கள் உண்டு.

திரியும் சுடரும்

ஈரம் கடத்தும் சாக்ஸை ஆங்கிலத்தில் ‘மாய்ஸ்ச்சர் விக்கிங்’ என்பார்கள். ‘விக்’ என்றால் விளக்குத் திரி. இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. குத்துவிளக்கில் எண்ணெயை யாரும் மேலே தள்ளுவதில்லை. திரியின் நூல்களுக்கு இடையே உள்ள மெல்லிய இடைவெளிகள் வழியே அது தானாக ஏறுகிறது. பள்ளியில் நுண்புழை ஏற்றம் என்று படித்தது இதைத்தான். சாக்ஸின் இழைகளுக்கு இடையிலும் வியர்வை இதே வழியில் தோலிலிருந்து விலகி வெளிப்பக்கம் நகர்கிறது.

ஆனால் திரி தொடர்ந்து எண்ணெயை இழுப்பதற்குக் காரணம் நுனியில் எரியும் சுடர். சுடரை அணைத்துவிட்டால் திரி ஊறிய நிலையிலேயே நின்றுவிடும். சாக்ஸில் சுடரின் வேலையைச் செய்வது ஆவியாதல். வெளிப்பக்கம் வந்த ஈரம் காற்றில் கலந்தால்தான் உள்ளே இருப்பது அடுத்து நகரும். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. விடியற்காலையில் 90க்கு மேல், வெயில் ஏறிய பிற்பகலில் 60 வாக்கில். ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்று இன்னும் எவ்வளவு வாங்கும்? இதற்கு மேல் சாக்ஸைச் சுற்றி எஃகு முனை வைத்த தோல் பூட்ஸும் இருந்தால் சுடர் அணைந்த மாதிரிதான்.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எந்த சாக்ஸ் நல்லது’ என்பதல்ல. ‘என் சப்பாத்து மூச்சு விடுமா’ என்பது. வலைத்துணி வைத்த சப்பாத்து விடும். அதற்குச் சட்டென்று கடத்தி, சட்டென்று காயும் மெல்லிய செயற்கையிழை சாக்ஸ் போதும். பாதுகாப்பு பூட்ஸ், ரப்பர் பூட்ஸ், நீர்புகாத படலம் வைத்த மலைநடைச் சப்பாத்து ஆகியவை விடாது, அல்லது மிகக் குறைவாகவே விடும். அங்கே சாக்ஸ் ஒரு தொட்டிபோலச் செயல்பட வேண்டும்: வியர்வையைத் தோலிலிருந்து எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். தொட்டி நிரம்பியதும் மாற்றிவிட வேண்டும்.

லேபிளில் உள்ள பெயர்கள்

இழையின் குணத்தை அறிய ஓர் எளிய அளவுகோல் உண்டு. நன்றாக உலர்த்திய இழையைச் சாதாரண அறைக்காற்றில், அதாவது 20 பாகை செல்சியஸ், 65 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்தால், தன் எடையில் எத்தனை விழுக்காடு நீரைக் காற்றிலிருந்து இழுத்துக்கொள்கிறது என்பதே அது. பாலியஸ்டருக்கு இது 0.4. நைலானுக்கு 4 வாக்கில். பருத்திக்கு 8. மரக்கூழைக் கரைத்து இழுக்கும் விஸ்கோஸுக்கு 11 முதல் 13 வரை. கம்பளிக்கு 16 வாக்கில்.

இந்த எண்களைப் பார்த்தால் ஒரு குழப்பம் வரும். பருத்தியைவிடக் கம்பளிதானே அதிகம் குடிக்கிறது, பிறகு ஏன் பருத்தியைக் குறை சொல்கிறார்கள்? விடை, நீர் எங்கே உட்காருகிறது என்பதில் இருக்கிறது. கம்பளி இழையின் மேற்புறம் மெல்லிய கொழுப்புப் படலத்தால் நீரை ஒட்டவிடாது. ஆனால் நீராவியை உள்ளே வாங்கிக்கொள்ளும். தன் எடையில் 30 விழுக்காடு வரை ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டும் தொட்டால் சொதசொதப்பாக இருக்காது. பருத்தி அப்படியல்ல. இழையின் மேற்புறமும் உட்புறமும் நீரை விரும்பும். ஊறி உப்பிக்கொள்ளும். உப்பியதும் நூலிடை வெளிகள் அடைபட்டுத் துணி தோலோடு ஒட்டும்.

ஆனால் பருத்தி நைந்து கிழிந்துவிடும் என்று நினைப்பது தவறு. நனைந்தால் பருத்தி இழையின் வலிமை கூடத்தான் செய்கிறது. ஈரத்தை விடாததுதான் அதன் குற்றம். குளிரூட்டிய அலுவலகத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குப் பருத்தி கலந்த மெல்லிய சாக்ஸில் எந்தக் குறையும் இல்லை. ரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்த வியர்வையை அலுவலகத்தின் உலர்ந்த காற்றே பார்த்துக்கொள்ளும்.

பாலியஸ்டர் தானாக நீரைக் குடிக்காது. ஆகவே அதில் வியர்வை கடத்தும் குணத்தைச் செய்துதான் வைக்க வேண்டும். இரண்டு வழிகள். ஒன்று, இழையின் வடிவத்தையே மாற்றுவது. ‘கூல்மேக்ஸ்’ என்ற பெயரில் விற்பது இந்த வகை. 1986இல் டூபான்ட் நிறுவனம் உருவாக்கிய இந்த இழை உருண்டையாக இல்லாமல் நெடுக வாய்க்கால்கள் ஓடும்படி வார்க்கப்பட்டது. வாய்க்கால்கள் இழையோடு பிறந்தவை, துவைத்தால் போகாது. இரண்டாவது வழி, சாதாரண பாலியஸ்டருக்கு ஒரு வேதிப்பூச்சு கொடுப்பது. புதிதில் இரண்டும் ஒன்றுபோலவே வேலை செய்யும். பூச்சு மட்டும் சலவைக்குச் சலவை கரைந்து, ஒரு நாள் காணாமல் போகும். “முதல் இரண்டு மாதம் நன்றாக இருந்தது, இப்போது நாறுகிறது” என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான்.

நைலான், லேபிளில் பாலியமைடு என்றும் இருக்கும், உழைப்பாளி. உரசலைத் தாங்குவதில் சாக்ஸில் பயன்படும் இழைகளுள் இதற்கு இணை இல்லை. நல்ல கம்பளி சாக்ஸில்கூட 25 முதல் 40 விழுக்காடு நைலான் இருப்பது கலப்படம் அல்ல, காப்பு. நூறு விழுக்காடு கம்பளி என்று யாராவது பெருமையாக விற்றால், குதிகால் எத்தனை நாள் தாங்கும் என்று யோசியுங்கள். எலாஸ்டேன், ஸ்பான்டெக்ஸ், லைக்ரா மூன்றும் ரப்பர்போல இழுபடும் ஒரே இழையின் பெயர்கள். 2 முதல் 5 விழுக்காடு இருந்தால் சாக்ஸ் காலோடு ஒட்டி நிற்கும்.

மூங்கில் சாக்ஸ் இப்போது எல்லாக் கடையிலும் தொங்குகிறது. தொட்டால் பட்டுபோல வழவழப்பு. அது மூங்கில் நார் அல்ல. மூங்கில் கூழை வேதிமுறையில் கரைத்து இழுத்த விஸ்கோஸ். விஸ்கோஸ் நனைந்தால் தன் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழக்கும். வீட்டுக்குள் போட்டுக்கொள்ள நல்லது. பணியிடத்துக்கும் காட்டுக்கும் வேண்டாம்.

மெரினோ என்பது மெல்லிய கம்பளி. சாக்ஸுக்கு வரும் மெரினோ இழை பெரும்பாலும் 24 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. தோலைக் குத்தி அரிப்பெடுக்க வைப்பது 30 மைக்ரானை ஒட்டிய தடித்த இழைகள். அதனால் மெரினோ குத்துவதில்லை. நாற்றமும் குறைவு. பலநாள் நடைக்கு இது பெரிய வரம்.

நூல் மட்டும் போதுமா?

1990இல் அமெரிக்கப் பாத மருத்துவர்கள் கர்க் ஹெரிங்கும் டக்ளஸ் ரிச்சியும் நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு ஒரே மாதிரி பின்னிய பருத்தி சாக்ஸையும் அக்ரிலிக் என்ற செயற்கையிழை சாக்ஸையும் கொடுத்துப் பார்த்தார்கள். பருத்தி போட்டவர்களுக்குக் கொப்புளங்கள் இரண்டு மடங்கு, அளவில் மூன்று மடங்கு. இந்த முடிவை இன்றும் சாக்ஸ் விற்பவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களே செய்த இரண்டாவது ஆய்வை யாரும் சொல்வதில்லை. அதில் அடர்ந்த பின்னலுக்குப் பதில் சாதாரண மெத்தைப் பின்னல் வைத்த சாக்ஸைச் சோதித்தார்கள். பருத்திக்கும் அக்ரிலிக்குக்கும் வேறுபாடு தெரியவில்லை. நூல் நல்லதாக இருந்தும் பின்னல் சரியில்லை என்றால் பயன் கிடையாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பின்னலில் பார்க்க வேண்டியது முதலில் அடர்த்தி. சாக்ஸை உள்பக்கம் திருப்பிக் குதிகால் பகுதிக்குள் கையை விட்டு விரித்து, விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் பின்னல் தளர்ச்சி. நிழலாக மட்டும் தெரிந்தால் நல்லது. தடிமனைப் பார்த்து ஏமாறக் கூடாது. தளர்வாகப் பின்னிய தடித்த சாக்ஸ், இறுக்கிப் பின்னிய மெல்லிய சாக்ஸைவிடச் சீக்கிரம் ஓட்டையாகும்.

அடுத்து மெத்தை. உள்பக்கம் டவலில் இருப்பதுபோன்ற சின்னச் சின்னச் சுருள்கள் தெரியும். குளிர்நாட்டு சாக்ஸில் இது கால் முழுவதும் இருக்கும். நமக்குக் குதிகால், முன்பாதம், விரல்நுனி ஆகிய மூன்று இடங்களில் மட்டும் இருந்தால் போதும். புறங்காலில் மெல்லிய வலைப்பின்னல் இருக்க வேண்டும். சப்பாத்தின் நாக்கும் கயிறும் இருக்கும் அந்தப் பக்கம்தான் காற்று கொஞ்சமாவது நுழையும் வழி. அங்கேயும் மெத்தை வைத்த சாக்ஸ் நம் ஊருக்குத் தேவையில்லாத போர்வை.

மூன்றாவது விரல்நுனித் தையல். உள்பக்கம் விரலால் தடவினால் கயிறுபோல ஒரு மேடு தட்டுப்படுகிறதா? மலிவான சாக்ஸில் தட்டுப்படும். இறக்கத்தில் கால் முன்னோக்கிச் சறுக்கும்போது அந்த மேடு சுண்டுவிரலையும் பெருவிரலையும் அறுக்கும். நல்ல சாக்ஸில் இரண்டு விளிம்புகளின் கண்ணிகளையும் ஒன்றோடொன்று கோத்திருப்பார்கள். தடவினால் கோடு தெரியும், மேடு தெரியாது.

நான்காவது, குதிகாலுக்கென்று தனியே வளைத்துப் பின்னிய பை. குழாய்போல நேராகப் பின்னி ‘ஃப்ரீ சைஸ்’ என்று விற்பதில் அது இருக்காது. குதிகால் பை இல்லாத சாக்ஸ் நடக்க நடக்கச் சுழன்று பாதத்தின் கீழ் மடிந்துகொள்ளும்.

கொப்புளம் எப்படி வருகிறது

தோலின் மேல் சாக்ஸ் உரசுவதால் தோல் தேய்ந்து கொப்புளம் வருகிறது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் சாக்ஸ் தோலோடு ஒட்டிக்கொள்வதுதான் சிக்கல். ஒவ்வொரு அடியிலும் உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. வெளியே தோல் ஈரமான சாக்ஸோடு ஒட்டி அசையாமல் நிற்கிறது. நடுவில் உள்ள தோலடுக்குகள் இழுபட்டு இழுபட்டுப் பிரிகின்றன. பிரிந்த இடத்தில் நீர் சேர்கிறது. முற்றிலும் உலர்ந்த தோலைவிட, லேசாக ஈரமான தோலில்தான் இந்த ஒட்டுதல் அதிகம். அதாவது, நடக்கத் தொடங்கி வியர்க்கும் கட்டம்.

இதனால்தான் இரண்டடுக்கு உத்தி வேலை செய்கிறது. உள்ளே வழவழப்பான மெல்லிய பாலியஸ்டர் அல்லது நைலான் சாக்ஸ், வெளியே வழக்கமான சாக்ஸ். இழுபடுவது தோலுக்குப் பதில் இரண்டு துணிகளுக்கு இடையே நடக்கும். தேசிய சேவையில் அடிப்படை ராணுவப் பயிற்சியின் முடிவில் வரும் 24 கிலோமீட்டர் நடைக்குப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே ஒரு சிறு நடையில் சோதித்துப் பார்ப்பது நல்லது. பூட்ஸில் இரண்டு சாக்ஸுக்கு இடம் இல்லாமல் திணித்தால், கொப்புளம் போய் நகக்கண் வலி வரும். விரல்களுக்குத் தனித்தனி உறை வைத்த சாக்ஸும் உண்டு. விரல் விரலோடு உரசிக் கொப்புளம் வருபவர்களுக்கு மட்டும் அதைச் சொல்வோம். மற்றவர்களுக்கு அது மாட்டுவதற்கே பொறுமையைச் சோதிக்கும் பொருள்.

வேலைக்கு

கட்டுமானத் தளம், கப்பல் பட்டறை, கிடங்கு என்று பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பாதுகாப்பு பூட்ஸ் போடுபவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை ஒரு சாக்ஸ் வகை அல்ல, ஒரு பழக்கம்: நாளுக்கு இரண்டு ஜோடி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பூட்ஸைக் கழற்றி, பாதத்தைத் துண்டால் துடைத்து, விரலிடுக்கைக் காற்றில் விட்டு, உலர்ந்த ஜோடியை மாட்டுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். இரண்டு வெள்ளி சாக்ஸை இரண்டு தடவை மாற்றுவது, முப்பது வெள்ளி சாக்ஸை நாள் முழுக்கப் போட்டிருப்பதைவிட மேல். 2023 அக்டோபரிலிருந்து மனிதவள அமைச்சின் விதிப்படி, வெயிலில் வெப்ப அழுத்த அளவீடு (வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்த்துக் கணிப்பது) 32 பாகையை எட்டினால் கடினமான உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு உண்டு. ஓய்விடத்தில் பூட்ஸைக் கழற்ற அனுமதி இருந்தால் அந்த நிமிடங்களும் காலுக்கு லாபம்.

வாங்கும்போது, பூட்ஸின் வாயைவிட இரண்டு மூன்று விரல்கடை உயரமான சாக்ஸைப் பாருங்கள். கணுக்கால் அளவு சாக்ஸ் போட்டால் பூட்ஸின் விளிம்பு தோலை நேரடியாக அறுக்கும். வெளியே நீண்டிருக்கும் பகுதி, மூடிய பூட்ஸில் திரிக்குக் கிடைக்கும் ஒரே நுனியும்கூட. கலவையைப் பொறுத்தவரை 30 விழுக்காட்டுக்கு மேல் நைலான், மீதி கம்பளியோ அக்ரிலிக்கோ பாலியஸ்டரோ. பருத்தி பாதிக்கு மேல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

பற்றவைப்பு, வெட்டுதல் போன்ற தீப்பொறி வேலைகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். பாலியஸ்டரும் நைலானும் 220 முதல் 260 பாகையில் உருகித் தோலோடு ஒட்டும். கம்பளி உருகாது, கருகும். பருத்தியும் உருகாது. ஆகவே பூட்ஸுக்குள் பொறி விழ வாய்ப்புள்ள இடத்தில் கம்பளி மிகுந்த சாக்ஸ், அது கிடைக்காவிட்டால் பருத்தி. இங்கே ஈரத்தைவிடத் தீப்புண்தான் முதல் கவலை. பூட்ஸின் வாய்க்கு மேல் கால்சட்டை விழுந்து மூடியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உணவகச் சமையலறை, மீன் வெட்டும் இடம், கழுவும் பகுதிகளில் ரப்பர் பூட்ஸ். அதில் ஆவி போக வழியே இல்லை. கம்பளிக் கலவை நடுத்தர மெத்தை சாக்ஸ், வேலை நடுவில் ஒரு மாற்று. வேறு மந்திரம் கிடையாது.

விலைக் கணக்கு ஒன்றையும் போட்டுப் பார்க்கலாம். மூன்று ஜோடி பத்து வெள்ளி என்று வாங்கியது ஜோடிக்கு 40 தடவை உழைத்தால், ஒரு தடவைக்கு எட்டுக் காசுக்குச் சற்று மேல். முப்பது வெள்ளி ஜோடி அதற்கு ஈடாக 360 தடவை உழைக்க வேண்டும். சிமெண்ட் தூசியும் மணலும் பூட்ஸுக்குள் புகும் வேலையில் எந்தக் கம்பளியும் அவ்வளவு தாங்குவது கடினம், ஏனென்றால் மணல் உள்ளிருந்தே அரம்போலத் தேய்க்கும். வாழ்நாள் உத்தரவாதம் தரும் நிறுவனங்கள் உண்டு, அமெரிக்காவின் வெர்மான்ட்டில் பின்னும் டார்ன் டஃப் அவற்றுள் பெயர்பெற்றது. ஆனால் இங்கிருந்து மாற்று வாங்க வழி என்ன, அனுப்பும் செலவு யாருடையது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். தளத்து வேலைக்கு எங்கள் கருத்தில் இடைநிலை விலைச் செயற்கையிழைக் கலவையில் ஆறு ஜோடி வைத்திருப்பதே புத்திசாலித்தனம்.

காட்டுநடைக்கு

புக்கிட் தீமாவின் உயரம் 164 மீட்டருக்குள்தான். ஆனால் படிகளும் செங்குத்தான இறக்கமும் விரல்நுனியைச் சோதிக்கும். மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் மரவுச்சிப் பாலம்வரை போய்ச் சுற்றி வந்தால் 10 கிலோமீட்டரைத் தாண்டும். பழைய ரயில்பாதையில் அமைந்த ரயில் காரிடார் முழுக்க நடந்தால் 24. இவை எல்லாவற்றுக்கும் வலைத்துணிச் சப்பாத்தும், மெல்லிய அல்லது நடுத்தரத் தடிமனில் நைலான்–பாலியஸ்டர் கலவை சாக்ஸும் போதும். கணுக்காலுக்குச் சற்று மேல் ஏறும் உயரம் இருந்தால் சரளையும் குச்சியும் உள்ளே விழாது. மதிய மழை பிடித்துக்கொண்டாலும் இந்த ஜோடி நடக்க நடக்கவே நீரைப் பிழிந்து வெளியே தள்ளும்.

நீர்புகாத படலம் வைத்த சப்பாத்தை இந்த நடைகளுக்கு வாங்காதீர்கள். அந்தப் படலம் உள்ளிருக்கும் நீராவியை வெளியே விடுவது, வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட உலர்ந்திருந்தால் மட்டுமே நன்றாக நடக்கும். நம் ஊரில் அந்த வேறுபாடு மிகக் குறைவு. மேலே வழியாக மழைநீர் புகுந்துவிட்டால் வெளியேறவும் விடாது. எவ்வளவு நல்ல சாக்ஸ் போட்டாலும் அதற்குள் குளம்தான்.

மலேசியாவின் கினபாலு மலைக்குப் போகிறவர்களின் கதை வேறு. 4,095 மீட்டர் உச்சிக்கு விடியலுக்கு முன் ஏறும்போது கடுங்குளிர். அங்கே மெரினோ சாக்ஸ் காசுக்கு நேர்மையாக உழைக்கும். ஈரமானாலும் கதகதப்பை விடாது. அடிவாரத்திலிருந்து முதல் நாள் ஏற்றத்துக்கு மெல்லியது, உச்சிக்கு மெரினோ, உறங்க ஒரு உலர்ந்த ஜோடி என்று மூன்று எடுத்துச் செல்லுங்கள்.

கடையில் ஐந்து நிமிடம்

டெக்கத்லானின் கெச்சுவா வரிசையானாலும், பீச் ரோட்டு ராணுவச் சந்தையானாலும், முஸ்தஃபாவில் மாடி ஏறித் தேடினாலும் சோதனை ஒன்றே. லேபிளில் விழுக்காடுகளைப் படியுங்கள். ‘ட்ரை’, ‘கூல்’, ‘ஸ்போர்ட்’ என்ற சொற்களை விட்டுவிடுங்கள், அவை எண்கள் அல்ல. வாய்ப்பட்டியை இரண்டு மடங்கு இழுத்து விடுங்கள். உடனே பழைய அளவுக்கு வரவேண்டும். அலைபோல நெளிந்து நின்றால் ரப்பர் இழை நீண்ட நாள் தாங்காது. அளவில் 39–42, 43–46 என்று இடைவெளி போட்டிருக்கும். உங்கள் அளவு இரண்டுக்கும் எல்லையில் விழுந்தால் சிறியதை எடுங்கள், பின்னல் இழுபடும். பெரியது எடுத்தால் மடிப்பு விழும். ஆனால் போட்டுப் பார்க்கும்போது விரல்கள் உள்ளே மடங்கினால் பெரியதே சரி. சப்பாத்து வாங்கப் போகும்போது இந்த சாக்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். கடை தரும் மெல்லிய நைலான் உறையைப் போட்டு அளவு பார்த்தால் அரை அளவு தவறும்.

ஒரு ஜோடி மட்டும் முதலில் வாங்கி வீட்டில் இதைச் செய்யலாம். சாக்ஸை உள்பக்கம் திருப்பி மேசைமேல் விரித்து, ஒரு சொட்டு நீர் விடுங்கள். சில நொடிகளில் பரவி, வெளிப்பக்கத்திலும் ஈரம் தெரிய வேண்டும். முத்துபோல நின்றால் ஒருமுறை துவைத்துவிட்டு மறுபடி பாருங்கள், ஆலையில் போட்ட மென்மைப் பூச்சு காரணமாக இருக்கலாம். பிறகு சமையலறைத் தராசில் உலர்ந்த எடையைக் குறித்து, நனைத்து, நன்றாகப் பிழிந்து மறுபடி எடைபோட்டு, நிழலில் மின்விசிறியடியில் தொங்கவிட்டு மணிக்கொருமுறை எடைபோடுங்கள். பழைய பருத்தி சாக்ஸையும் பக்கத்தில் தொங்கவிட்டால் அட்டையில் எழுதியிருப்பதைவிட உண்மையான விவரம் அரை நாளில் கிடைத்துவிடும்.

ஓட்டை சொல்லும் சேதி

ஓட்டையான சாக்ஸைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். பெருவிரல் நுனியில் ஓட்டை என்றால் நகம் நீளம், அல்லது சப்பாத்து குட்டை. குதிகாலின் பின்புறம் என்றால் சப்பாத்துக்குள் கையை விட்டுத் தடவுங்கள். உள்துணி கிழிந்து உள்ளே உள்ள கடினப் பிளாஸ்டிக் தட்டுப்படும். அதைச் சரிசெய்யாமல் எந்த சாக்ஸ் வாங்கினாலும் அதே இடத்தில்தான் போகும். முன்பாதத்தின் அடியில் தேய்ந்தால் சப்பாத்து பெரிது, கால் உள்ளே சறுக்குகிறது. கம்பளி சாக்ஸில் ஓட்டை விழாமல், கம்பளி தேய்ந்து நைலான் மட்டும் வலைபோல மிஞ்சும். பார்க்கச் சாக்ஸ் இருப்பதுபோலத் தெரியும், மெத்தையும் இல்லை, ஈரம் வாங்கவும் ஆள் இல்லை.

துவைப்பதில் கெடுவது

ஈரம் கடத்தும் சாக்ஸை வேகமாகக் கொல்வது துணி மென்மையாக்கி. அது இழைமேல் மெழுகுபோலப் படிந்து, திரியின் வழியை அடைக்கும். மொத்தக் குடும்பத் துணியோடு அதைப் போடும் பழக்கம் இருந்தால் சாக்ஸுக்குத் தனிச் சலவை வையுங்கள். உள்பக்கம் திருப்பித் துவையுங்கள். வியர்வையும் உதிர்ந்த தோலும் அந்தப் பக்கத்தில்தான். சூடான உலர்த்தி இயந்திரம் எலாஸ்டேனை உயிரற்றதாக்கும், கம்பளியைச் சுருக்கும்.

சேற்றுப்புண் வந்துவிட்டால் மருந்து ஒரு பாதி, சலவை மறு பாதி. குளிர்ந்த நீரில் பூஞ்சைக் காளானின் வித்துகள் போவதில்லை. 60 பாகை வெந்நீர்ச் சலவை வேண்டும். கம்பளி அந்தச் சூட்டைத் தாங்காது. ஆகவே புண் ஆறும்வரை 60 பாகை தாங்கும் என்று லேபிளில் போட்ட செயற்கையிழை அல்லது பருத்தி சாக்ஸுக்கு மாறுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் மெத்தை, தையல், இறுக்கம் மூன்றையும் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். வாய்ப்பட்டி காலில் தடம் பதிக்கக் கூடாது. வெள்ளை அல்லது வெளிர்நிறமே நல்லது, உணர்ச்சி குறைந்த காலில் காயம் பட்டால் கறையாவது காட்டிக்கொடுக்கும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் டிசம்பர், ஜனவரி மழையில் சாக்ஸ் காய்வது பெரும்பாடு. வாளியில் பிழிந்த பின் ஓர் உலர்ந்த துண்டில் சுருட்டி மேலே ஏறி மிதித்தால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். பிறகு விரல்நுனிப் பக்கம் கிளிப் போட்டு மின்விசிறிக்கு எதிரே தொங்கவிடுங்கள். வாய்ப்பட்டியில் கிளிப் போட்டால் ஈரத்தின் எடையில் அது தளர்ந்துபோகும்.

சப்பாத்தும் காய வேண்டும். ஒரே பூட்ஸை நாள் தவறாமல் போட்டால் நேற்றைய ஈரத்துக்குள் இன்றைய உலர்ந்த சாக்ஸை நுழைக்கிறீர்கள், அரை மணியில் அது நனைந்துவிடும். முடிந்தால் இரண்டு ஜோடி பூட்ஸை மாற்றி மாற்றிப் போடுங்கள். முடியாவிட்டால் உள்ளட்டையைத் தினமும் வெளியே எடுத்து நிமிர்த்தி வையுங்கள். விரல்நுனி ஓட்டையான பழைய சாக்ஸையும் எறிய வேண்டாம். ஓட்டையைத் தைத்து, உள்ளே கசக்கிய செய்தித்தாளைத் திணித்து, ஈரப் பூட்ஸுக்குள் இரவு முழுக்க வைத்தால் காகிதம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அச்சு மையும் பூட்ஸின் உள்துணியில் ஒட்டாது.